ஜெயித்தவர் காய் பொறுக்க வேண்டும்

சூசைமுத்து இராமநாதபுரத்துச் சதுரங்கப் போட்டிக்குப் போனது தோற்பதற்காக. போட்டி என்று ஒன்று வைத்தால் நாலு பேர் ஜெயிக்க வருவார்கள், நாற்பது பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். தோற்க வேண்டும் என்றே தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் கிடந்த நல்ல வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, பாம்பனில் ரயிலேறி வந்தவர் அந்தச் சீமையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வெளியே சொன்னால் கிறுக்கு என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். சூசைமுத்து விஷயத்தில் கற்றுக்கொடுத்தும் பலிக்கவில்லை. அப்பன், பாட்டன், அண்ணன் மரியதாஸ் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளம் கரையைவிட்டு நகர்ந்ததுமே குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். நாலைந்து தடவை பார்த்துவிட்டு, “இது கடலுக்கு ஆகாது” என்று அப்பன் கைகழுவினார். பிறகு யார் யாரையோ பிடித்து ரயில்வேயில் சேர்த்துவிட்டார்கள். பாம்பன் பாலத்தில் கப்பல் வரும்போது நடுவிலுள்ள தூக்குப்பாலத்தைக் கையால் சுற்றித் திறக்கிற கும்பலில் வேலை. கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்குக் கடலுக்கு நடுவில் உத்தியோகம். ஆண்டவர் அப்படித்தான் விளையாடுவார்.

வீடு பாலத்துப் பக்கம், மாதா கோயில் தெருவைவிட்டுத் தள்ளி, மணலுக்குள் தனியாக இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. பிள்ளைகுட்டியும் இல்லை. அந்த வீட்டில் சூசைமுத்துவும் அவர் மனைவி லீமாரோசும் பதினெட்டு வருஷம் இருந்தார்கள். காற்று இரைந்துகொண்டே இருக்கும். பகல் முழுக்க லீமாரோஸ் தனியாகத்தான் இருப்பாள்.

சதுரங்கம் அவள் கொண்டுவந்த சீதனம். அவளுடைய அப்பா மண்டபம் முகாமில் தண்ணீர் ஊற்றுகிறவர். சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற சனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் அங்கே நாள்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். போக முடியாமல், திரும்பவும் முடியாமல் கிடக்கிறவர்கள் கரிக்கட்டையால் தரையில் கட்டம் போட்டு விளையாடுவார்கள். குடத்தோடு போன சிறுமி நின்று பார்த்தாள், அப்புறம் எதிரில் உட்கார்ந்தாள். காத்துக்கிடக்கிறவனுக்கு எதிரில் யார் உட்கார்ந்தால் என்ன? ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவன் ஊர்த் தந்திரத்தைக் காட்டிவிட்டுக் கப்பலேறிப் போனான். தந்திரமெல்லாம் இவளிடம் தங்கிவிட்டது. கல்யாணமாகி வரும்போது ஒரு சுருக்குப்பையில் காய்களையும் கொண்டுவந்தாள். வெள்ளைக் காய் கழிவுச் சங்கில் ராவியது, கறுப்புக் காய் சிரட்டையில் செதுக்கியது.

வேலை முடிந்து சூசைமுத்து வந்ததும் பலகை விரியும். வெள்ளை எப்போதும் அவருக்கு, கறுப்பு எப்போதும் அவளுக்கு. “நீங்கதான முதல்ல” என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருவாள். வீட்டுச் சட்டம் ஒன்று அவளே போட்டிருந்தாள்: “தோத்தவுக எந்திரிச்சிப் போகலாம். ஜெயிச்சவுக காய் பொறுக்கணும்.”

பதினெட்டு வருஷத்தில் சூசைமுத்து ஒரு காயைக்கூடப் பொறுக்கியதில்லை. கணக்கு அவ்வளவு சுத்தம்.

அவருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஆட்டம் முழுக்க அவள் கைக்குள் வந்த பிறகு, இனி ஒரே நகர்த்தலில் முடித்துவிடலாம் என்று அவருக்கே தெரிகிற நேரத்தில், லீமாரோஸ் ஓரத்தில் கிடக்கிற ஒரு காலாளை ஒரு கட்டம் தள்ளுவாள். ஒன்றுக்கும் உதவாத நகர்த்தல்.

“ஏ புள்ள, அந்த யானையை இறக்குனா முடிஞ்சது. பாக்கலையா நீ?”

“அட, ஆமா. பாக்கலையே” என்பாள். மறுபடியும் இன்னொரு காலாளைத் தள்ளுவாள்.

கண்ணெதிரே இருக்கிறதைக்கூடப் பார்க்கத் தெரியாதவளிடம் தினமும் தோற்கிறோமே, நமக்கு எவ்வளவு மட்டமான மூளை என்று சூசைமுத்து நினைத்துக்கொள்வார். கடைசியில் அவருடைய ராஜா மாட்டிக்கொண்டதும், “சரி, சோத்தைப் போடு” என்று சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விடுவார். முதுகுக்குப் பின்னால் காய்கள் பைக்குள் விழுகிற சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்.

“இன்னுமா பொறுக்குற?”

“இந்தா வந்துட்டேன்” என்பாள்.

பாலத்துக் கும்பலில் இது பெரிய கேலி. வீட்டில் புலி வெளியில் எலி என்று சிலரைச் சொல்லலாம். சூசைமுத்து இரண்டு இடத்திலும் எலி என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உண்மைதானே.

போன ஆடியில் லீமாரோசுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. மாதா கோயில் கல்லறைத் தோட்டத்து மணலில் வைத்துவிட்டு வந்தார்கள். அண்ணி அற்புதம்மாள், “எங்க கூடவே வந்து இருங்க கொழுந்தனாரே, ஒரு உலைக்கு ரெண்டு பிடி அரிசி கூடப்போட்டா ஆச்சு” என்றாள். போய் ஒரு வாரம் இருந்தார். அந்த வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவரும் அவருக்கு எதிரில் உட்காரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. துணியை அவரே துவைத்துக்கொண்டார். ஆனால் அந்திக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுருக்குப்பை ஆணியில் தொங்கியது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தால் திரும்ப அந்த மாதிரி முடியத் தெரியாது என்பதால் தொடவே இல்லை. சீட்டு விளையாடுகிற ஆட்களோடு போய் இருந்து பார்த்தார். அது வேறு. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். எதிரில் உட்கார்ந்து, அவரை முழுசாகத் தோற்கடிக்கக்கூடிய ஒரு ஆள். தோற்று எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது. பசி மாதிரி அது வந்துகொண்டே இருந்தது.

கீழக்கரை வாவு முகம்மது சங்கு வாங்க அடிக்கடி பாம்பன் வருகிறவர். தை மாதம் வந்தபோது, இராமநாதபுரத்தில் தானும் நாலு பேருமாகச் சேர்ந்து சதுரங்கப் போட்டி நடத்துவதாகச் சொன்னார். அபிராமத்துச் சம்சாரி தவசி என்று ஒருவர் இருக்கிறாராம். அஞ்சு வருஷமாக அவரை அசைக்க ஆளில்லையாம்.

“அந்த அய்யா என்னையத் தோக்கடிச்சிருவாகளா, மொதலாளி?” என்று கேட்டார் சூசைமுத்து.

வாவு முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார். “உம்மையா? உம்மை உம்ம வீட்டுக்காரியே...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சிரும் சூசை. வாய் தவறிருச்சு.”

“இல்ல மொதலாளி. அதுக்குத்தான் கேட்டேன். எம்பேரையும் சேத்துக்கிருங்க.”

கேணிக்கரைப் பக்கம் ஒரு வாசகசாலை மாடியில் போட்டி. ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தரம் பார்த்து வரிசையாகக் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். உச்சியில் தவசி. கடைசியில் சூசைமுத்து. பலகையில் இடம் போதாமல் அவர் பெயரைப் பொடி எழுத்தில் நெருக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்தது. மேலே இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவராவது கருணை காட்ட மாட்டார்களா?

முதல் ஆட்டம் பரமக்குடி ஜவுளிக்காரரோடு. சூசைமுத்து கேட்டு வெள்ளையை வாங்கிக்கொண்டார். கறுப்பை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. ஜவுளிக்காரர் விறுவிறுவென்று காய்களைத் தள்ளினார். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற சுகத்தில் சூசைமுத்துவும் ஆடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜவுளிக்காரருடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஆட்டம் முடிந்தது என்று தெரிந்ததும் சூசைமுத்து வழக்கம்போல எழுந்தார், நேரே வெளியே போய்க் குழாயில் கை கழுவினார்.

ஒருவர் எழுந்து போகிறார், ஒருவர் பலகை முன் உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? கரும்பலகையில் சூசைமுத்து பெயரை அடித்துவிட்டார்கள்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, ஜவுளிக்காரர் யோக்கியமான மனிதர். “ஏம்ப்பா, தோத்தது நானப்பா! ஜெயிச்ச மனுசன் எதுக்கு எந்திரிச்சு ஓடுறாரு?” என்று கூவினார். வாவு முகம்மது குழாயடிக்கு வந்து சூசைமுத்துவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். “என்னய்யா உம்ம பழக்கம்? ஜெயிச்சவன் உக்காந்திருக்கணும்யா” என்றார். சூசைமுத்துவுக்கு ஈரக்கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரு தோல்வி கைதப்பிப் போனதாக நினைத்துக்கொண்டார். அடுத்தவர் சாயல்குடி உப்பளத்து மேஸ்திரி. அவரும் விழுந்தார். அதற்கடுத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விழுந்தார். கூட்டம் இவர் மேசையைச் சுற்றிக் கூட ஆரம்பித்தது. “யாருடா இந்த ஆளு?” என்றார்கள். வேண்டுமென்றே தோற்றிருக்கலாமே என்று கேட்கலாம். சோற்றை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் பட்டினி என்று சொல்லிக்கொள்கிற கதை அது. அந்தத் தோல்வியில் ருசி கிடையாது.

ஜெயிக்க ஜெயிக்க சூசைமுத்துவுக்குப் பயம் பிடித்தது. தன் மூளை அவ்வளவு ஒன்றும் மட்டம் இல்லை என்று மெல்ல உறைத்தது. அப்படியானால் லீமா எப்படிப்பட்டவள்? இராமேஸ்வரம் தீவிலேயே இரண்டாவது பெரிய ஆட்டக்காரனாக அவர் இருந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியாது. முதல் ஆள் வீட்டுக்குள்ளேயே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், அது ஒருவருக்குமே தெரியாது. அவளுக்கே தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தவசியோடு கடைசி ஆட்டம். காலையில் பூசை பார்த்துவிட்டு, மாதாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார். தவசியாவது ஜெயிக்க வேண்டும்.

தவசி பெரிய உடம்புக்காரர். மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. சிரித்த முகம். “என்னப்பா, கடல்காத்து மொத்தமும் உன் பக்கமா அடிக்குதாம்ல?” என்றபடி நாற்காலியை நிரப்பி உட்கார்ந்தார். கடைசி ஆட்டத்துக்கு நிறத்தைக் கேட்டு வாங்க முடியாது. வாவு முகம்மது இரண்டு கையிலும் ஒவ்வொரு காயை மறைத்து நீட்டினார். சூசைமுத்து தொட்ட கையில் கறுப்பு இருந்தது.

அவருக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. கறுப்பை எப்படி ஆடுவது? அவர் அறிந்த கறுப்பு ஒன்றே ஒன்றுதான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் அவர் அடிவாங்கிய லீமாவின் கறுப்பு. தவசி முதல் காலாளை நகர்த்தியதும், லீமா இதற்கு என்ன வைப்பாள் என்று நினைத்து அதை வைத்தார். அடுத்ததற்கும் அப்படியே. கொஞ்ச நேரம் கழித்து நினைக்கவேகூட வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போயிற்று.

தவசி நன்றாகவே ஆடினார். முந்தைய மூன்று பேர் ஆடியதற்கும் இவர் ஆடியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்த மனிதர் நிச்சயம் நம்மைத் தோற்கடிப்பார் என்று சூசைமுத்துவுக்கு ஆசை பிறந்தது. அப்போதுதான் இடது பக்கம் தனியாக நின்ற ஒரு கறுப்புக் காலாளைத் தவசி பார்த்தார். காவல் இல்லாத காலாள். சூசைமுத்துவுக்கு அந்தக் காலாளைத் தெரியும். எத்தனையோ அந்திகளில் அவரே அதை மந்திரியை விட்டு எடுத்திருக்கிறார், எடுத்துவிட்டு வயிற்றெரிச்சல் பட்டிருக்கிறார். எடுக்காதீங்க, எடுக்காதீங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

தவசி எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சூசைமுத்துவுக்கு மனப்பாடம். குதிரை உள்ளே குதித்தது. வெள்ளை மந்திரி வெளியே வர வழியில்லாமல் நின்றது. தவசியின் ராஜா மூலைக்கு ஒதுங்கி, சொந்தக் காய்களாலேயே அடைபட்டது. இனி யானையை ஒரு தரம் இறக்கினால் போதும்.

சூசைமுத்து கையை யானைமேல் வைத்தார். வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

எதிரில் ஒரு மனிதர் பலகைமேல் கவிழ்ந்து, காது மடலைத் தடவிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார். வகிட்டில் நரைத்த முடி தெரிந்தது. அந்த ஆட்டத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டு, மூச்சுவிடுகிற தூரத்தில், அசையாமல், எங்கேயும் போகாமல் ஒரு மனிதர். இந்தக் காயை வைத்துவிட்டால் எழுந்துவிடுவார்.

சூசைமுத்துவின் கை யானையைவிட்டு விலகியது. ஓரத்தில் கிடந்த காலாளை ஒரு கட்டம் தள்ளினார்.

தள்ளிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தெரியாதவள் அவள் இல்லை. பகல் பூராவும் காற்றைத் தவிர ஒரு குரல் கேட்காமல் கிடந்தவள். அந்திக்கு வருகிற புருஷனை இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரே ஒரு காலாள் நேரம், எதிரில் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறாள். அவரோ தோற்ற அடுத்த நொடியே, சோத்தைப் போடு என்று எழுந்திருக்கிறார். பதினெட்டு வருஷமும்.

தவசி ஒரு காயை நகர்த்தினார். சூசைமுத்து இன்னொரு காலாளைத் தள்ளினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆள் பதறிப்போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டான் என்றார்கள்.

தவசி தலையை நிமிர்த்தாமல் தணிந்த குரலில் கேட்டார். “என்னப்பா, யானையை இறக்குனா என் கதை முடிஞ்சிரும். பாக்கலையா?”

“பாத்தேன் அய்யா.”

“பெறகு என்ன? வெளையாட்டுக் காட்டுறியா?”

“இல்ல அய்யா.” தள்ளிய காலாளைச் சூசைமுத்து கட்டத்துக்குள் நேராக நிறுத்தினார். “முடிச்சா நீங்க எந்திரிச்சிப் போயிருவீகளே.”

தவசி இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “வீட்ல யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

தவசி அபிராமத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸை மனசில் கணக்குப் பார்த்திருப்பார் போல, ஜன்னல் பக்கம் வெயிலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்து ஓரக் காலாள் ஒன்றை ஒரு கட்டம் தள்ளினார். தோற்கப்போகிற மனிதர் தள்ளவேண்டிய காய் அது இல்லை. சூசைமுத்துவும் ஒன்று தள்ளினார். இரண்டு பெரிய மனிதர்கள் எதற்கும் உதவாத காலாள்களை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்ததைக் கூட்டம் புரியாமல் பார்த்தது. வெளியே குதிரை வண்டிகள் போயின.

ஆனால் காலாள் பின்னால் போகாது. ஒவ்வொன்றாக எதிர்க் காலாளோடு முட்டி நின்றுகொண்டது. கடைசியில் சும்மா தள்ளுவதற்குச் சூசைமுத்துவிடம் எதுவும் மிஞ்சவில்லை. அவளுக்கும் தினமும் இந்த இடம் வந்திருக்கும்.

யானையை இறக்கினார். “ராஜா” என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கரும்பலகையின் கடைசிப் பெயர் முதல் பெயரை வீழ்த்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லவா, யாரோ அவர் முதுகில் தட்டினார்கள், யாரோ துண்டைத் தூக்கி வீசினார்கள். தவசி கையை நீட்டினார்.

“இந்த ஆட்டத்தை யாருகிட்டப் படிச்சீக?” தவசியின் வாயில் நீ போய் நீங்க வந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரிகிட்ட, அய்யா. அவகிட்ட நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல.”

“அந்தம்மாவ ஒருக்காவாவது பாத்திருக்கணும்” என்றார் தவசி. சூசைமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு, தோற்றவர் செய்ய வேண்டியபடி, எழுந்து படியிறங்கிப் போனார். கூட்டமும் அவர் பின்னாலேயே கலைந்தது. நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாத்தினார்கள்.

மேசையைத் துப்புரவாக்க ஒருவர் வந்து காய்களை வாரக் கையை நீட்டினார். சூசைமுத்து தடுத்தார். “இருக்கட்டும். ஜெயிச்சவுகதான் பொறுக்கணும்.”

எந்தக் காயை முதலில் எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சத்தம்தான் கேட்டிருக்கிறாரே தவிர, அவள் பொறுக்கியதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. மூலையில் கிடந்த வெள்ளை ராஜாவை எடுத்தார். அதை ஆடிய மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் எதிரில் இருந்தது. ராஜாவைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் பெட்டியில் போட்டார். பிறகு ஒரு காலாள். முப்பது சொச்சம் காய்தான், வாரிப் போட்டால் ஒரு நிமிஷம் பிடிக்காது.

மாடிப்படியிலிருந்து வாவு முகம்மது பரிசுக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். பாம்பன் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“என்ன சூசை, இன்னுமா பொறுக்குறீரு?”

“இந்தா வந்துட்டேன்” என்றார் சூசைமுத்து. எழுந்திருக்கவில்லை.